முதல் நாள் பையைக் காட்டாதீர்கள்

வயிற்று டயாலிசிஸ் பயிற்சி கொடுக்கப் புதிதாக வரும் சிஸ்டர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் நாள் பையைக் காட்டாதீர்கள். வயிற்றில் டியூப் வைத்து இரண்டு வாரம் ஆன ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார். சட்டைக்குள் ஒரு குழாய் தொங்குவதே அவருக்கு இன்னும் பழகியிருக்காது. அவர் மடியில் இரண்டு லிட்டர் பையைத் தூக்கி வைத்து, "இத ஒரு நாளைக்கு நாலு தடவ நீங்களே மாத்தணும்" என்றால், அன்றைக்கு அதற்குமேல் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

பதினாலு வருஷமாகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து நோயாளிகளுக்கு வயிற்று டயாலிசிஸ் பழக்கிவருகிறேன். கேஸ் ஷீட்டில் சி.ஏ.பி.டி. என்று இருக்கும். ஊரில் பை டயாலிசிஸ் என்பார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வெறும் பைதான்: "பை மாத்தியாச்சா?", "பை போட்டுட்டு வாறேன், இரு." வாரம் மூன்று முறை பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, சோர்ந்து திரும்புவதற்குப் பதிலாக வீட்டிலேயே, தன் கையாலேயே செய்துகொள்ளும் வைத்தியம் இது. தன் கையாலேயே என்பதுதான் இதன் வசதி, ஆபத்தும் அதுவே.

அதனால் முதல் நாள் நான் பார்ப்பது கையை. பேச்சோடு பேச்சாக ஒரு பேனாவைக் கொடுத்து மூடியைத் திறந்து மூடச் சொல்வேன். சின்ன மருந்து பாட்டிலின் மூடியைத் திருகச் சொல்வேன். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி எங்கே என்று கேட்பேன். நம் நோயாளிகளில் நிறையப் பேருக்குச் சர்க்கரையால்தான் கிட்னி போயிருக்கும், கண்ணும் கொஞ்சம் போயிருக்கும். விரல் நுனியில் மதமதப்பு இருக்கும், சிலருக்கு நடுக்கம். இதையெல்லாம் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். பேனா மூடி சொல்லிவிடும்.

அடுத்தது, அந்த வீட்டில் உண்மையில் யார் பை மாற்றப் போகிறார்கள் என்பது. மகன் முன்னால் வந்து நின்று, "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன் சிஸ்டர்" என்பார். விசாரித்தால் வேலை திருப்பூரில் இருக்கும், லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடியும். கதவோரம் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிற மருமகளை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். நோயாளியால் முடியுமென்றால் முதல் ஆள் நோயாளிதான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் வீட்டுக்கு இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த அன்றைக்கு இன்னொரு கை வேண்டுமே.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று விளக்க அட்டைப் படமெல்லாம் இருக்கிறது. நான் அதை எடுப்பதில்லை. "மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வச்சா என்னாகும் ஆச்சி?" என்று கேட்பேன். "தண்ணி விடும்." அவ்வளவுதான். மாங்காயில் உப்பு செய்கிற வேலையை வயிற்றில் பைக்குள் இருக்கும் சர்க்கரை செய்கிறது, ரத்தத்தில் தேங்கிய நீரை இழுக்கிறது. கழிவு வெளியேறுவதற்கு இன்னொன்று: சாயம் போகிற புதுத் துணியை வாளியில் ஊறப்போட்டால் சாயம் தண்ணீரில் இறங்கும், ஓரளவுக்கு மேல் இறங்காமல் நின்றுவிடும், தண்ணீரை மாற்றினால் மறுபடி இறங்கும். யூரியாவும் கிரியேட்டினினும் அப்படித்தான் குடலைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வு வழியாகப் பை நீருக்குள் வருகின்றன. நாலு முதல் ஆறு மணி நேரம் ஊற வேண்டும், அப்புறம் மாற்ற வேண்டும். ஏன் நாலு தடவை, ஏன் ஒரேயடியாக எட்டு லிட்டர் ஏற்றக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த வாளியிலேயே பதில் இருக்கிறது. "சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரைத் தண்ணியா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கொஞ்சம் உடம்பில் ஏறத்தான் செய்யும், அதற்கேற்ப டாக்டர் இன்சுலினைக் கூட்டிக் குறைப்பார் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்கக் கை கழுவுவதுதான். சிரிக்காதீர்கள். இரண்டு மணி நேரம் இதற்கே போகும். மோதிரம், வளையல், கைக்கயிறு, நகம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு நிமிடம், விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. இதை எல்லாரும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். பிசகுவது அதற்கடுத்த அரை நிமிடத்தில். இரண்டு நிமிடம் கழுவிய கையை முந்தானையில் துடைப்பார்கள், இல்லையென்றால் கைலியில். அல்லது சோப்புக் கையால் திறந்த குழாயைச் சுத்தமான கையால் மூடுவார்கள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவார்கள், மாஸ்க்கை இழுத்துவிடுவார்கள், போன் அடித்தால் எடுத்துப் பார்ப்பார்கள். இதில் எது நடந்தாலும் முதலிலிருந்து கழுவ வேண்டும். ஈரக் கையோடு தொடவும் கூடாது, ஈரத்தில் கிருமி சுலபமாக இடம் மாறும். பை மாற்றுவதற்கென்றே வெள்ளைத் துண்டு நாலு வாங்கித் துவைத்து வெயிலில் காயப்போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளை எதற்கு என்றால், அழுக்கானால் மருமகளுக்கு முன்னால் மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

குழாய் இல்லாத வீடுகள் இருக்கின்றன. குடத்தில் செம்பை விட்டு மொண்டு கழுவினால் கழுவின கையால் மறுபடி செம்பைத் தொட வேண்டும். அடியில் திருகு வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றை ஸ்டூல் மேல் வைத்துவிட்டால் போதும், திருகை முழங்கையால் தள்ளி மூடலாம்.

மூன்றாம் நாள் பை வரும். அதுவும் வயிற்றோடு சேர்த்து அல்ல. என்னிடம் ஒரு பழைய ஏப்ரன் இருக்கிறது, அதில் ஒரு டியூபைத் தைத்து வைத்திருக்கிறேன். நோயாளி அதைக் கட்டிக்கொள்வார். முதல் தடவை நான் வாயே திறக்காமல் முழுக்கச் செய்து காட்டுவேன். புது சிஸ்டர்களுக்கு இது கஷ்டம், செய்துகொண்டே பேசித்தான் பழக்கம். ஆனால் பேசினால் நோயாளி நம் முகத்தைப் பார்ப்பார். பேசாமல் இருந்தால் கையைப் பார்ப்பார். இரண்டாவது தடவை ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்வேன். மூன்றாவது தடவை அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன், அவர் ஒரு படியை விட்டுவிட்டால் நான் அங்கேயே கை கட்டி நிற்பேன். நாலாவதுதான் அவர் கை. தப்பாகச் செய்து முடிக்கவிட்டு அப்புறம் திருத்துவது இந்த வேலையில் ஆகாது. வாய் மறந்தாலும் கை மறக்காது, தப்பாகப் படிந்ததையும் மறக்காது. தப்பு நடக்கப் போகிற நொடியில் மெல்ல அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள்.

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஓட்டமாகச் சொல்கிறேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவுக்குத் தாழ் போட்டு, மேசையைத் துடைத்து, மாஸ்க் போட வேண்டும். பையின் தேதி, சர்க்கரை அளவு, தெளிவு பார்த்து, அழுத்திப் பார்த்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கை கழுவி, பை லைனின் வளையத்தை இழுத்து, வயிற்றுப் பக்கத்துக் குழாயின் மூடியைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துத் திருகிவிட வேண்டும். புதுப் பை தோளுக்கு மேலே தொங்கும், காலிப் பை தரையில் சுத்தமான துணி மேல் கிடக்கும். வயிற்றுப் பக்கத்துத் திருகைத் திறந்தால் பழைய நீர் பதினைந்து, இருபது நிமிடத்தில் வடியும். மூடிவிட்டு, புதுப் பையின் வாயில் இருக்கிற குச்சியை ஒடித்து, ஐந்து எண்ணும் வரை புது நீரை நேராக வடிபைக்குள் ஓடவிட வேண்டும். அப்புறம் வடிகுழாயைக் கிளாம்ப் போட்டு மூடி, வயிற்றுத் திருகைத் திறந்து நிரப்ப வேண்டும், பத்து நிமிடம் ஆகும். திருகை மூடி, லைனைக் கழற்றி, முனைக்குப் புது மூடி போட வேண்டும். பழைய மூடியை எந்தக் காரணம் கொண்டும் திரும்பப் போடக் கூடாது. புது மூடிக்குள்ளே அயோடின் மருந்து நனைத்த பஞ்சு இருக்கிறது, அதுதான் அடுத்த மாற்றம் வரை முனைக்குக் காவல்.

அந்த ஐந்து எண்ணுகிற இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் நிற்பேன். "வயித்துக்குள்ள போக வேண்டிய தண்ணிய எதுக்குச் சிஸ்டர் வீணா ஓட விடணும்?" என்பார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸின் ஆஸ்டினில் பாபோவிச், மான்கிரீஃப் என்ற இருவர் 1976-இல் இந்த வைத்தியத்துக்கு வழி சொன்னபோது நீர் கண்ணாடி பாட்டிலில் வந்தது, தொற்று அடிக்கடி வந்தது. பிளாஸ்டிக் பை வந்து கொஞ்சம் குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் இத்தாலிக்காரர்கள் இரண்டு பக்கமும் கிளை பிரிகிற குழாயைக் கொண்டுவந்து, நிரப்புவதற்கு முன்னால் அலசு என்றார்கள். இணைக்கும்போது கை தவறி ஏதாவது ஒட்டியிருந்தாலும் அந்த அலசலில் அது வடிபைக்குப் போய்விடும். தொற்று குறைந்தது அதனால்தான். இந்தியாவில் சி.ஏ.பி.டி. தொடங்கியது 1991-இல். வரலாறு நோயாளிக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நோயாளிக்கு, "பாத்திரத்தை அலசாம அதுல பால் ஊத்துவீங்களா?" போதும். அலசாவிட்டால் லைனில் இருக்கும் காற்றும் உள்ளே போகும், தோள்பட்டை வலிக்கிறது என்று சாயங்காலம் போன் வரும்.

ஆனால் நாற்பது நிமிட வேலையில் ஆபத்து இருப்பது இரண்டே நொடியில்: மூடியைக் கழற்றியதற்கும் பை முனையைச் சேர்ப்பதற்கும் நடுவில். அந்த நேரத்தில் இரண்டு முனைகளும் திறந்திருக்கின்றன. விரலோ கைலியோ மேசையோ இருமலோ அங்கே படக் கூடாது. இதை மட்டும் தனியாகப் பழைய செட்டை வைத்து ஐம்பது தடவை செய்யச் சொல்வேன். டீ குடித்துவிட்டு இன்னொரு ஐம்பது. கண் மங்கலாக இருக்கிறவர்களுக்கு இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள், நடுக்கம் பாதி குறைந்துவிடும்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம். எட்டயபுரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினவர். அப்படி ஒரு மாணவர் கிடைப்பது அபூர்வம். நாலே நாளில் பழகிவிட்டார். வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம் போன் செய்தார்: "சிஸ்டர், முனை கைலில பட்டுருச்சு." நான் என்ன செய்திருக்க வேண்டும்? நல்லவேளை சொன்னீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். "இவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இப்படிப் பண்ணினா எப்படி அண்ணாச்சி?" என்று கத்தினேன். அன்றைக்கே வந்தார், வயிற்றுப் பக்கத்துச் செட்டை மாற்றினோம், முன்கூட்டியே மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சலோடும் வயிற்று வலியோடும் வந்து சேர்ந்தார். பை மூன்று நாளாகக் கலங்கலாக வந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் முனை மேசையில் பட்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஏசுவீங்கன்னுதான் சிஸ்டர்" என்றார். தொற்று அடங்கவில்லை, டியூபையே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அவருக்கு வாரம் மூன்று நாள் மெஷின்தான்.

அதிலிருந்து என் பாடத்தில் இரண்டு விஷயம் சேர்ந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சொல்லாமல் கொள்ளாமல் நானே ஒரு தப்பு செய்வேன். பேசிக்கொண்டே முனையை விரலில் படவிட்டுவிட்டுத் தொடர்வேன். யார் முதலில் "சிஸ்டர், பட்டுருச்சு!" என்று கத்துகிறார்களோ அவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய், கோவில்பட்டிச் சரக்கு. பெரும்பாலும் அந்தப் பேசாத மருமகள்தான் வாங்குவார். சிஸ்டரின் தப்பையே சொல்லலாம் என்று ஆனால், தன் தப்பைச் சொல்வது பெரிய விஷயமாகத் தெரியாது. இரண்டாவது, போன் ஒத்திகை. நோயாளி வராந்தாவுக்குப் போய் என் நம்பருக்கு அடிக்க வேண்டும். நான் எடுப்பேன். "முனை பட்டுருச்சு" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நான், "நல்லது, திருகு மூடியிருக்கா? தண்ணி ஏதும் உள்ள ஏத்தினீங்களா? புது மூடி போட்டாச்சா? அந்தப் பையத் தொடாதீங்க, அடுத்த மாத்தமும் செய்யாதீங்க, கிளம்பி வாங்க" என்பேன். இதை வெட்கப்படாமல் இரண்டு தடவை செய்ய வைத்துவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு நிஜமாகவே நடக்கும்போது வாய் தானாகச் சொல்லும்.

கலங்கல் என்றால் என்ன என்பதையும் வார்த்தையில் சொல்லாதீர்கள், காட்டுங்கள். காலாவதியான பை ஒன்றில் அரிசி கழுவின தண்ணீரைக் கொஞ்சம் கலந்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் நல்ல வடிபை. இரண்டுக்கும் அடியில் தினசரிக் காலண்டர் தாளை வைத்தால், நல்ல பை வழியாக ராகு காலம், எமகண்டம் வரை படிக்கலாம், கலங்கலில் பெரிய தேதி எழுத்தே மங்கும். எழுத்துத் தெரியாத ஆச்சிகளும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இளமஞ்சளாக வருவது சரிதான். இடியாப்ப நூல் போல வெள்ளையாக மிதந்தால் அது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத நூல், கிருமி இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், குழாயை அடைக்கும். மாதவிலக்கு நாளில் சில பெண்களுக்கு இளஞ்சிவப்பாக வரும். இதைப் பெண்களைத் தனியாக வைத்து முன்னமே சொல்லுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு உயிரே போய்விடும் அவர்களுக்கு.

கலங்கல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. முக்கியமாக, அந்தப் பையைக் கீழே ஊற்றிவிடக் கூடாது, கையோடு கொண்டுவர வேண்டும். அதில்தான் செல் எண்ணிக்கை பார்ப்போம். குறைந்தது இரண்டு மணி நேரம் உள்ளே ஊறிய நீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணுக்களும், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகையும் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். எந்தக் கிருமி என்பது கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், பிறகு தெரியும். மருந்து பெரும்பாலும் பைக்குள்ளேயே கலந்துதான் போகும், இரண்டு மூன்று வாரம் நீளும். சரியான நேரத்தில் வந்தால் பெரும்பாலும் டியூபைக் காப்பாற்றிவிடலாம்.

வடியவில்லை என்று வருகிற போன்களில் முக்கால்வாசிக்குக் காரணம் மலச்சிக்கல். குடல் நிறைந்து டியூபை ஒதுக்கித் தள்ளிவிடும். குழாயில் மடிப்பு இருக்கிறதா, திருகு திறந்திருக்கிறதா, ஆள் குழாய் மேலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, எழுந்து நாலு நடை நடக்கச் சொல்லி, அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: "கடைசியா எப்ப வெளிக்கிப் போனீங்க?" சிக்கலால் அடைப்பு மட்டும் அல்ல, குடல் கிருமி சவ்வுக்குத் தாவுகிற ஆபத்தும் உண்டு. டாக்டர் எழுதுகிற பேதி சிரப்பை வெட்கப்படாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நோயாளிகள் ரொம்பப் பயந்து வருவார்கள். முன்னால் பழம் கூடாது, பருப்பைக் குறை என்று சொல்லிச் சொல்லி வைத்திருப்பார்கள். பை தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு நாளும் ஐந்து முதல் பத்து கிராம் புரதம் வடிநீரோடு போகிறது, பொட்டாசியமும் போகிறது. முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எல்லாம் சாப்பிட வேண்டும். பொட்டாசியத்தை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல வேண்டும், சிலருக்கு வாழைப்பழம் சாப்பிடு என்று நாங்களே கெஞ்ச வேண்டியிருக்கும். கூடாதது உப்பு. இந்தப் பக்கத்தில் கருவாடு இல்லாத வீடு ஏது? கருவாடு தின்ற மறுநாள் கால் வீங்கும், தாகம் எடுக்கும், அடர்த்திப் பையைத் தேடுவார்கள்.

பை மூன்று அடர்த்தியில் வரும்: 1.5, 2.5, 4.25 சதவீதம். நான் பழக்குகிற கம்பெனிப் பையில் அவை மஞ்சள், பச்சை, சிவப்பு. நிறத்தை வைத்தே நோட்டில் குறிக்கச் சொல்வேன். சிவப்பு அதிக நீரை இழுக்கும். அதனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டாகும்: வாயைக் கட்டாமல் தின்றுவிட்டு ஒரு சிவப்பு போட்டுக்கொள்வது. சர்க்கரை ஏறும், நாளாவட்டத்தில் சவ்வும் கெடும். எந்த எடைக்கு, எந்த வீக்கத்துக்கு எந்த நிறம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி நீண்ட நேரத்துக்கு ஊதாப் பை, அதாவது ஐகோடெக்ஸ்ட்ரின் போடுகிறவர்களிடம் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: வீட்டில் எந்தச் சர்க்கரை மீட்டர்? சில வகை ஸ்ட்ரிப்புகள் அந்த மருந்திலிருந்து வரும் மால்டோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று கணக்குப் போட்டுப் பொய்யாக அதிகம் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடுவார்.

நோட்டில் எழுத வேண்டியது நாலே விஷயம்: ஏற்றியது, வடிந்தது, காலை எடை, பிரஷர். வடிபையைத் தூக்குத் தராசில் மாட்டினால் போதும். ஒரு பிழையை மட்டும் கவனியுங்கள். நமக்குப் பயந்து சிலர் தினமும் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு வருவார்கள். ஏழு நாளும் 2,300 என்று இருந்தால் அது தராசு எழுதியது இல்லை.

பயிற்சி முடியும் முன் ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிடுங்கள். பை தொங்க ஸ்டாண்டு வாங்கச் சொல்லிக் கஷ்டப்படுத்த வேண்டாம், நம் வீடுகளில் தொட்டில் கட்டின கொக்கி எங்காவது இருக்கும். பூனையும் கோழியும் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். பூனைக்கு ஆடுகிற குழாய் என்றால் விளையாட்டு. அதன் பல் பட்ட குழாய் வழியாகப் பாஸ்சுரெல்லா என்ற கிருமி வயிற்றுக்குள் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. தகரக் கொட்டகையில் பெட்டிகளை அடுக்கக் கூடாது. மார்கழி விடியலில் நீர் ஜில்லென்று வயிற்றைப் பிடித்தால் ஹீட்டிங் பேடைச் சுற்றி வையுங்கள், வெந்நீரில் பையை முக்கக் கூடாது, வாய்ப் பகுதி நனைந்தால் கிருமிக்கு வழி. கரண்ட் இல்லாவிட்டாலும் நடக்கிற வைத்தியம் இது, ஒரு டார்ச் லைட் போதும்.

டியூப் வெளியே வரும் இடத்தைத் தினமும் கழுவித் துடைத்து, எழுதிக் கொடுத்த ஆயின்ட்மென்ட் தடவி, குழாய் ஆடாமல் பிளாஸ்திரி போட வேண்டும். பவுடர், திருநீறு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பாவாடை நாடா எங்கே அழுத்துகிறது, அரைஞாண் கயிறு எங்கே உரசுகிறது என்று ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் மனசு கேட்காது, கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லலாம். தாமிரபரணியில் முங்கியே வளர்ந்தவர்களிடம் இனி ஆறு, கிணறு, குற்றாலம் எதுவும் கிடையாது என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத நேரம். "கரைல உக்காந்து கால மட்டும் நனைச்சுக்கிடலாமா?" என்பார்கள். கால் தாராளமாக நனையலாம்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பை வீட்டுக்கே வருவது பலருக்குப் பெரிய சுமையைக் குறைத்திருக்கிறது. மாதம் 120 பை, இரண்டு கிலோவுக்கு மேல் ஒவ்வொன்றும், யார் சுமப்பது? ஆனாலும் ஒரு வாரத்துக்குக் கூடுதல் கையிருப்பு இருக்கட்டும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ரோடே இல்லை. பெட்டியைத் தரையில் வைத்திருந்தவர்களுக்கு அட்டை ஊறி உள்ளே சேறு. கட்டில் மேலும் பரணிலும் வைத்திருந்தவர்கள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து பை மாற்றினார்கள்.

எத்தனை நாள் பயிற்சி? வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள், தினம் இரண்டு மூன்று மணி நேரம். பெட் வேண்டும், சீக்கிரம் அனுப்பு என்று மேலிருந்து நெருக்குவார்கள். நான் வாய் திறக்காமல், கை நீட்டாமல் இருக்க, நாலு முழு மாற்றத்தை நோயாளியே செய்து காட்டினால்தான் அனுப்புவேன். ஒரு பீடி சுற்றுகிற அக்காவுக்குப் பதினொரு நாள் ஆனது. விரல் என்னமோ என்னைவிட வேகம், பயம்தான் போகவில்லை. இன்றுவரை அவருக்குத் தொற்று வந்ததில்லை.

மூன்று மாதத்தில் ஒரு மறுபயிற்சி, தொற்று வந்தால் உடனே ஒன்று. அதற்கு வீட்டுக்குப் போவதே நல்லது, முன்கூட்டிச் சொல்லாமல். போன மாதம் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, மாஸ்க் போட்டிருந்தார். கதவுக்குத் தாழ் போட்டு, என்னை மூலையில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தொட்டில் கொக்கியில் பை தொங்கியது. அலசுகிற இடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, நிதானமாக ஐந்து தடவை முருகா என்றார். வாட்சைப் பார்த்தேன், போதுமான நேரம்தான். எல்லாம் முடிந்து காலண்டர் தாளை வடிபைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றினார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். போன செவ்வாக்கிழமை மூடி கீழ விழுந்துருச்சு. எடுத்துப் போட்டுக்கிடலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன்."

"அப்புறம்?"

"புதுசு போட்டுட்டேன். ஒரு மூடி குறையுது."

நோட்டை வாங்கி, அடுத்த மாதத்துக்கு மூடி ஐந்து கூடுதல் என்று எழுதினேன். பையில் கடலை மிட்டாய் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஆச்சிக்குச் சர்க்கரை, அதனால் பேத்தி வாங்கிக்கொண்டாள்.